கலப்படம் இல்லாத பெத்துராஜ் நெய்க்கடை

ஆகஸ்ட் 20

இந்த டைரி மூன்று வருஷம் பழசு. எங்கள் பிரஸ்ஸில் அடித்து, வாங்க வேண்டிய கம்பெனி வாங்காமல் போனதில் மீந்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை எல்லாம் தப்பு. இருந்துவிட்டுப் போகட்டும். மனதில் உள்ளதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஆளிடம் கொட்டினால் நாளைக்கே சிவகாசி முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் ராஜக்கனி. காலண்டர் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் செக்‌ஷன். பதினாலு வருஷம். காலண்டரில் சாமி படம் ஆயிரம் கடைக்கும் ஒன்றுதான். கீழே வருகிற கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் என்ற மூன்று வரிதான் கடைக்குக் கடை மாறும். அந்த மூன்று வரி என் பொறுப்பு. எங்கள் செக்‌ஷன் இன்சார்ஜ் வேலாயுதம் சார் ஆயுத பூஜையோடு ஓய்வு பெறுகிறார். அவர் நாற்காலி அடுத்து எனக்குத்தான் என்று பிரஸ்ஸில் காலண்டர் தலையில் தகரம் அடிக்கிற பெண்கள் வரைக்கும் பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், இன்று காலை பத்து மணி வரைக்கும்.

பத்து மணிக்கு முதலாளி ரத்தினவேல் அண்ணாச்சி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் ஹெப்சிபா. நாசரேத்துப் பக்கம். இருபத்துநாலு வயது, எஞ்சினீயரிங். "கனி, இது நம்ம பிள்ளை மாதிரி. சீசனுக்கு ஒத்தாசையா இருக்கும். எல்லாம் காட்டிக்குடு" என்றார்.

"வணக்கம்க்கா. உங்களப் பத்தி அண்ணாச்சி நெறையச் சொன்னாக" என்றாள் அவள். என்ன நிறையச் சொன்னாராம்? பதினாலு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகஸ்ட் 21

அவளுக்கு ஃபேனுக்கு நேர் கீழே மேஜை போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 25

அடேங்கப்பா, என்ன ஒரு அமர்க்களம்!

என் வேலை எப்படி என்றால், ஆர்டர் தாளைப் பார்த்து லிஸ்டில் கடைப் பெயரை அடிப்பேன். பிறகு கறுப்புத் திரையில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு கமாண்ட் கொடுப்பேன். புரோகிராம் பெயர், அப்புறம் கடைப் பெயர், முகவரி, போன். என்டர் தட்டினால் அந்த மூன்று வரியும் அச்சு பிளேட்டுக்குத் தயாராகித் திரையில் வந்து நிற்கும். கண்ணால் ஒரு தடவை பார்ப்பேன், அடுத்ததுக்குப் போவேன். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது முடியும்.

இந்த மகராசி நாலு நாள் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். இன்று காலை ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட விட்டாள். அதுவாகவே லிஸ்டைப் படிக்கிறது, அதுவாகவே கமாண்ட் கொடுக்கிறது. நானூறு கடை. நான் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

அண்ணாச்சி ஓடி வந்து பார்த்தார். "பாப்பா, நீ மனுஷியே இல்ல!" என்றார். ஆளை விட்டுப் பால்கோவா வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒரு கரண்டி வந்தது. "பாத்தியா கனி, நீ ஒரு வாரம் பாக்குறத பாப்பா டீ நேரத்துல முடிச்சிருச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

இனிமேல் எனக்கு லிஸ்ட் அடிக்கிற வேலை மட்டும்தானாம்.

ஆகஸ்ட் 26

மத்தியானம் அவள் சாப்பிடப் போனதும் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். திருட்டுத்தனம் இல்லை, செக்‌ஷனுக்குப் பொதுவான கம்ப்யூட்டர்தான்.

கமாண்டில் ஒரு சங்கதி உண்டு. இடைவெளி வந்தால் அந்த இடத்தில் ஒரு துண்டு முடிந்தது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். "மீனா பாத்திரக்கடை" என்று வெறுமனே அடித்தால் மீனா தனி, பாத்திரக்கடை தனி. அதனால் முழுப் பெயரையும் இரண்டு பக்கமும் கோட், அதாவது மேற்கோள் குறி, போட்டு அடைக்க வேண்டும். வேலி மாதிரி. அதை அவளும் போட்டிருக்கிறாள். படித்த பிள்ளை, போடாமல் இருப்பாளா.

ஆனால் பெயருக்குள்ளேயே கோட் வந்தால்? நம் ஆட்கள் பட்டப் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று இவளுக்கு எங்கே தெரியும். "பட்டறை" சோலையப்பன். "மொத்த வியாபாரம்" ஜெயக்கொடி. ஆர்டர் தாளில் அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள், கோட் இல்லாமல் அச்சடித்தால் சண்டைக்கு வருவார்கள். வேலிக்குள் இன்னொரு கோட் வந்தால் வேலி அங்கேயே முடிந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைக்கும். பெயர் இரண்டாக வெட்டுப்படும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் எனக்கே அது நடந்தது. ஒருத்தரிடமும் கேட்காமல் நானே மண்டையைப் போட்டு உடைத்துக் கண்டுபிடித்தேன். ஆல்ட் கீயை அமுக்கிக்கொண்டு 0147 அடித்தால் வளைந்த கோட் விழும். 0148 அடித்தால் அதை மூடுகிற வளைந்த கோட். பார்க்கவும் அழகு. கம்ப்யூட்டர் அதை வேலியாகவே எடுத்துக்கொள்ளாது, ஏதோ ஒரு எழுத்து என்று விட்டுவிடும். அன்றிலிருந்து பெயருக்குள் வருகிற கோட் எல்லாமே வளைத்துத்தான். ஒன்று தப்பியதில்லை.

இவள் ஸ்கிரிப்டில் அதற்கு ஒரு ஏற்பாடும் இல்லை. என் லிஸ்ட் சுத்தமாக இருப்பதால் இவள் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. இது அவளுக்கும் தெரியாது, பால்கோவா வாங்கிக் கொடுத்தவருக்கும் தெரியாது.

நான் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லையே.

ஆகஸ்ட் 30

அரிசி ஊறப்போட்டேன். கேஸ் புக் பண்ண வேண்டும். என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டியிடம் ஹெப்சி கதையைச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "கெட்டிக்காரப் பிள்ளைதான் போல" என்றார்.

"அப்ப நான் யாராம்?"

"நீ என்ன, அவளுக்கு மாமியாரா? இந்தக் கரி கரிச்சுக் கொட்டுற?"

ரசத்தில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றே இல்லை.

செப்டம்பர் 4

இன்று மத்தியானம் அவள் தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். தலையில் மல்லிகைப்பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை, ஆனாலும் பளிச்சென்று இருக்கிறாள். அதுவும் ஒரு எரிச்சல்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கடைப் பேருக்குள்ள கோட் வந்தா ஸ்கிரிப்ட் சொதப்பிரும்னு நெனைக்கேன். இத்தன வருசத்துல அப்படி ஏதும் பிரச்சின வந்துருக்கா?"

கேட்டேவிட்டாள்! யாரும் கேட்கவில்லை என்று எழுதிய மை காயவில்லை.

"இந்த லிஸ்ட்டுல வந்ததில்ல" என்றேன். பொய் இல்லை. லிஸ்டில் வந்ததில்லைதான்.

"அப்பச் சரிக்கா. நீங்க சொன்னாச் சரி. இல்லன்னா ஒரு நா ஒக்காந்து அதையும் எழுதணும்னு நெனச்சேன்." சந்தோஷமாக நாற்காலியைத் திருப்பி இழுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 9

பில் புக் வாங்க ஆபீஸ் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அண்ணாச்சியும் வேலாயுதம் சாரும்.

"கனி பழைய ஆளு அண்ணாச்சி. ஏமாத்தமாயிரும்" என்று சார் சொல்வது கேட்டது.

"பழைய ஆளுதான், நான் இல்லங்கல. ஆனா கனி டைப்பிஸ்ட்டு. பாப்பா எஞ்சினீயரு. நாளைக்கி நாலு பேர வச்சு வேலை வாங்கணும்ல. ஆயுத பூஜை அன்னிக்கிச் சொல்லிருவோம். கனிக்கு ஒரு நல்ல சேலையா எடுத்துக் குடுத்துருவோம்."

டைப்பிஸ்ட்டு.

பில் புக் வாங்காமலே திரும்பி வந்தேன். அவள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவள் நாலாம் வகுப்புப் படிக்கும்போது நான் இந்த பிரஸ்ஸில் சேர்ந்தேன்! கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு சீசன் சீசனாக இங்கே கிடந்தேன். சேலை எடுத்துக் கொடுப்பார்களாம், சேலை.

பொறாமை என்றால் பொறாமைதான். எழுதிவிட்டேன், போ.

செப்டம்பர் 10

இன்று முப்பத்தொரு ஆர்டர் அடித்தேன். அதில் ராஜபாளையம் நெய்க்கடை ஒன்று. மூவாயிரம் காலண்டர். வருஷா வருஷம் வருகிற பார்ட்டி, அதனால் புரூஃப் காட்டத் தேவையில்லை, நேரே அச்சுக்கு. அவர் தாளில் எழுதிக் கொடுத்தபடியே எழுத்து மாறாமல் அடித்தேன். தாளில் இருப்பதை அடிப்பதுதானே டைப்பிஸ்ட்டு வேலை.

சாயங்காலம் தக்காளி வாங்கினேன். பாதி அழுகல்.

செப்டம்பர் 11

தலைவலி.

செப்டம்பர் 12

லிஸ்டை ஹெப்சி ஓட விட்டாள். இருநூற்றுப் பத்துக் கடை. ஒன்றையும் யாரும் கண்ணால் பார்க்கவில்லை. நான் செய்த காலத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அனுப்புவேன். இப்போது எல்லாமே வேகம்தானே.

செப்டம்பர் 15

ஊருக்குப் போய்விட்டு வந்தவள் எனக்கு என்று தனியாக ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். மஸ்கோத் அல்வா. "எங்கம்மா குடுத்துவிட்டாக்கா. உங்களப் பத்தி வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பேன். 'அந்த அக்கா இல்லன்னா நீ திணறிப்போவ, ஒழுங்கா இரு'ன்னு அம்மா சொல்லுவாக."

"எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றேன்.

"சாப்பிடுங்கக்கா, தேங்காப்பாலு."

நாலு துண்டு தின்றேன். நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

மூன்று மணிக்கு மெஷின் ரூமுக்குப் போனேன். ராஜபாளையம் பிளேட் இன்னும் மெஷினில் ஏறவில்லை, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மெஷின்மேன் தவசி அண்ணன், "என்ன கனி, இந்தப் பக்கம்?" என்றார்.

"சும்மா. இந்த வாரம் எது ஓடுதுன்னு பாக்க வந்தேன்."

"எல்லாந்தான் ஓடுது. நின்னு மூச்சு விட நேரமில்ல."

ஒரு நிமிஷம் நின்றேன். ஒரு வார்த்தை போதும். பிளேட்டை எடுத்து வைத்துவிட்டு வேறு போட்டுவிடுவார்கள். அதற்குள் அவர் மெஷினை ஆன் பண்ணிவிட்டார். அந்தச் சத்தத்தில் என்ன பேச முடியும். திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 19

ராஜபாளையம் அச்சாகிவிட்டது.

செப்டம்பர் 24

பார்சல் லாரியில் ஏறிவிட்டது. தகரம் அடிக்கிற இசக்கியம்மாள் போகிற போக்கில் என்னிடம், "ஏம்மா கனி, கலப்படம்னு கூடவா கடைக்குப் பேரு வைப்பாக?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும். ஊர்ல என்னென்னமோ பேரு வைக்கிறாங்க" என்றேன்.

"அதானே. நானும் அப்படித்தான் நெனச்சேன்." போய்விட்டாள்.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பித்தமாக இருக்கும்.

செப்டம்பர் 28

வந்துவிட்டார்.

ராஜபாளையம் நெய்க்கடை பெத்துராஜுக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம். கத்திக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஆபீஸ் அறையில் எங்கள் அண்ணாச்சி மேஜை மேல் ஒரு காலண்டரை விரித்தார். எங்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேலே மகாலட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே முதல் வரி, கொட்டை எழுத்தில், சிவப்பு மையில்: கலப்படம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: இல்லாத பெத்துராஜ் நெய்க்கடை. அதற்குக் கீழே மெயின் பஜார், ராஜபாளையம். மூன்று வரிக்குத்தான் இடம், போன் நம்பர் காணவே காணோம்.

அவர் எழுதிக் கொடுத்தது: "கலப்படம் இல்லாத" பெத்துராஜ் நெய்க்கடை.

"எங்கப்பா காலத்துலருந்து அந்த ரெண்டு வார்த்தைதான் எங்க கடை" என்றார் பெத்துராஜ். "நேத்து புரட்டாசிச் சனி. நல்ல நாளாச்சேன்னு பார்சலைப் பிரிச்சு வந்தவங்களுக்கெல்லாம் என் கையால குடுத்தேன். நூறு பேருக்கு மேல. கண்ணாடி போடல, பாக்கல. சாயங்காலம் எதுத்த கடைக்காரன் சொல்லித்தான் தெரியும். இன்னிக்குக் காலையில ஒரு அம்மா வந்து, 'அண்ணாச்சி, அரைக் கிலோ கலப்படம் குடுங்க'ன்னு சிரிக்குது. விளையாட்டுக்குத்தான் சொல்லுது. ஆனா நான் கடையைச் சாத்திட்டு வந்துட்டேங்க. நாப்பது வருசத்துல பகல்ல கடையைச் சாத்தினது எங்கப்பா செத்த அன்னைக்கு மட்டுந்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு மனுஷன் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. நான் ஹெப்சியை நினைத்தேன், அண்ணாச்சியை நினைத்தேன், அந்த நாற்காலியை நினைத்தேன். நெய்க்கடைக்காரர் என் நினைப்பில் வரவே இல்லை.

அண்ணாச்சி முகம் கறுத்துவிட்டது. "யாரு பாத்த வேலை இது?"

வேலாயுதம் சார் வாயைத் திறப்பதற்குள் ஹெப்சி ஓர் அடி முன்னால் வந்தாள். "என் ஸ்கிரிப்டு அண்ணாச்சி. பேருக்குள்ள கோட் வந்ததும் வெட்டிட்டுது. நான் பாத்துருக்கணும். என் தப்புதான்." பெத்துராஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிருங்க ஐயா."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்காகிட்டக் கேட்டேன், வந்ததில்லைன்னு சொன்னாக" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கும் எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது.

செப்டம்பர் 29

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். மூவாயிரமும் திரும்ப அச்சடிக்க வேண்டும், இனிமேல் எல்லாக் கடைக்கும் பழையபடி நானே ஒவ்வொன்றாகக் கமாண்ட் கொடுத்து, கண்ணால் பார்த்து அனுப்ப வேண்டும் என்றார். "வேகம் வேகம்னு போயி மூஞ்சில கரியப் பூசிக்கிட்டேன் கனி. இன்சார்ஜு நீயே பாரு. நாளன்னைக்குப் பூஜையில சொல்லிருதேன். அந்தப் பிள்ளைய இந்த மாசத்தோட அனுப்பிருவோம்."

பதினாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. "சரி அண்ணாச்சி" என்றேன்.

வெளியே வந்தால் அவள் மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது வரி லிஸ்டையும் பிரிண்ட் எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஃபேன் அவளுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கழுத்தெல்லாம் வேர்வை.

வீட்டில் சொன்னேன். செல்லப்பாண்டி ஓடிப்போய் ஜிலேபி வாங்கி வந்தார். "மாமியார் ஜெயிச்சிட்டா!" என்றார். ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 30

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு ஹெப்சி அந்த லிஸ்டைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி அறைக்குப் போனாள். போகும்போது, "அக்கா, நீங்களும் வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று என் கையைப் பிடித்தாள். கண்டுபிடித்துவிட்டாள், முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அவள் சொன்னது வேறு.

"அண்ணாச்சி, இந்த லிஸ்ட்டுல எம்பத்தேழு பேருல கோட் வருது. என் ஸ்கிரிப்டுக்கு எம்பத்தேழும் வெட்டுப்பட்டிருக்கணும். ஆனா வெட்டுப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஏன்னு பாத்தேன். மீதி எம்பத்தாறையும் அக்கா வளைஞ்ச கோட்டா அடிச்சிருக்காக. அது தானா விழாது, கீயை அமுக்கி நம்பர் போட்டாத்தான் விழும். பழைய வருசத்து லிஸ்ட்டையும் எடுத்துப் பாத்தேன். பதினோரு வருசம் அண்ணாச்சி! அத்தனையும் வளைச்சே அடிச்சிருக்காக. இந்த மூளை எங்க காலேஜுல எவருக்கும் வராது. நான் வேகமா முடிச்சேன்னு பால்கோவா குடுத்தீக. அந்த ஸ்கிரிப்டு ஓடுனதே அக்காவாலதான்."

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "ஏன் கனி, இதெல்லாம் நீயா செஞ்ச? ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

நான் ஏங்கிக் கிடந்த பாராட்டு. அதைக் கொடுக்க இவள்தானா வர வேண்டும்? வேலை போகப்போகிறவள் வந்து எனக்குப் பட்டம் கட்டுகிறாள். அந்தப் பெரிய மனசும் இவளுக்கே இருக்க வேண்டுமா? எனக்கு ஒன்றையாவது விட்டு வைத்தாளா? அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது, சத்தியமாகச் சொல்கிறேன்.

அண்ணாச்சி லிஸ்டில் பென்சில் வட்டம் போட்ட வரியைத் தொட்டார். "அப்ப இது? பெத்துராஜ் கடை மட்டும் எப்படி?"

"கை தவறியிருக்கும் அண்ணாச்சி" என்றாள் ஹெப்சி. "ஆயிரத்துல ஒண்ணு. மனுசங்கதானே. அதுக்குத்தான் ஸ்கிரிப்டு தயாரா இருந்துருக்கணும், அது என் தப்பு."

அண்ணாச்சி சிரித்தார். பல நாளைக்குப் பிறகு சிரித்தார். "விடு விடு. கனிக்கும் வயசாகுதுல்ல. கண்ணு முன்ன மாதிரி இருக்குமா."

அங்கேயே சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டியிருந்தால் போதும். நாற்காலி எனக்கு, நல்ல பெயர் எனக்கு, ஹெப்சியும் வேலையில் இருந்திருப்பாள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. கை தவறிவிட்டது, கண் சரியில்லை. அவ்வளவுதான்.

"கை தவறல" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் கை தவறாது அண்ணாச்சி. பதினோரு வருஷத்துல ஒரு தடவை தவறினதில்ல. அதுதான் அந்த லிஸ்ட்டுலயே இருக்கே. இதைத் தெரிஞ்சுதான் வளைக்காம நேரா அடிச்சேன். வெட்டுப்படும்னு தெரியும். எந்த எடத்துல வெட்டுப்படும்னும் தெரியும்."

நல்ல மனசினால் சொன்னேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். அப்படி இல்லை. டைப்பிஸ்ட்டு என்று சொன்னார்கள், பொறுத்துக்கொண்டேன். கண் தெரியாத டைப்பிஸ்ட்டு என்பதைப் பொறுக்க முடியவில்லை. கெட்டவள் என்று சொல்லட்டும். வேலை தெரியாதவள் என்று சொல்லக் கூடாது. பெத்துராஜ் முகம் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது, வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணாச்சி லிஸ்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

ஹெப்சிதான் பேசினாள். "நான் உங்ககிட்டக் கேட்டேனேக்கா. நாற்காலிய இழுத்துப் போட்டு உங்ககிட்டத்தானேக்கா கேட்டேன்."

"ஆமா."

"வந்ததில்லைன்னீங்க."

"வந்ததில்லதான்" என்றேன். அதையும் சொன்னேன். என் வாயை என்ன செய்வது.

அவள் அழவில்லை, கத்தவில்லை. கும்பிட்டு மன்னிப்புக் கேட்ட கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அண்ணாச்சியிடம் மட்டும் "வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

இந்த டைரியில் பத்தாம் தேதியைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து மாறாமல் அடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பெயரை அடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆல்ட் கீக்குப் போன விரலை இரண்டு தடவை இழுத்துக்கொண்டேன். அதை எழுதாமல் விட்டிருக்கிறேன், அழுகிய தக்காளியை எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 1

பூஜை நடந்தது. கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வேலாயுதம் சாருக்குச் சால்வை போட்டார்கள். இன்சார்ஜ் ஹெப்சிபா என்று அண்ணாச்சி சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். எனக்குச் சேலை இல்லை. என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. காலையில் தனியாகக் கூப்பிட்டு, "சீசன் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் லிஸ்டு அடி" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பெத்துராஜ் கடையின் மூவாயிரமும் இரண்டாம் தடவை மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய் நேரில் சொல்ல வேண்டும் என்று செல்லப்பாண்டியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேலி எதுவும் பண்ணவில்லை. "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பொரி கடலை கொடுத்து முடிந்ததும் ஹெப்சி என் மேஜைக்கு வந்தாள். நான் எழுந்துவிட்டேன். என்னவாவது திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். திட்டவில்லை. கையில் புது ஆர்டர் தாள் கட்டு இருந்தது, மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"பேருக்குள்ள கோட் வந்தா இனிமே எப்படி வேணும்னாலும் அடிக்கலாம். நேரா இருந்தாலும் ஸ்கிரிப்டு பாத்துக்கிடும். ராத்திரியே சரி பண்ணிட்டேன்."

"சரிம்மா" என்றேன்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சாப் போதும், மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.